லாக்டோஸ் இல்லாத கேரமல் புட்டிங்

கடையின் இனிப்பு அலமாரிக்கு முன்னால் நின்று அவள் டப்பாக்களின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க ஓட்டல் சலவை அறையில் நின்று படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கால்கள், எங்கேயாவது உட்காரேன் என்று கெஞ்சின.

வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை. தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவருக்கு வரக்கூடாத வியாதி. நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓட முடியுமா? ஒருமுறை ஓடித்தான் ஆகவேண்டியிருந்தது. அதிலிருந்து அவரைப் பணிமனை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். குடலில் புளித்து வாயுவாகிற சர்க்கரை வகைகளையெல்லாம் விலக்கச் சொல்லி, லோ ஃபாட்மேப் என்று ஒரு பத்தியம் கொடுத்தார் டாக்டர். பத்தியம் அவருக்கு, படிப்பு இவளுக்கு.

லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கும் சாதாரணப் பால் கூடாது, கோதுமை கூடாது, தேன் கூடாது. வெறும் சர்க்கரைகூடப் பரவாயில்லை. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று மார்தட்டிக்கொள்ளும் டப்பாவில்தான் சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பு உட்கார்ந்திருக்கும். குடலைப் புரட்டி எடுத்துவிடும். சரி, கோதுமை இல்லாத பழ கேக் என்று பார்த்தால் அதில் ஆப்பிள் சாறு, அதுவும் ஆகாது. என்ன பிழைப்புடா இது என்று அலுத்துக்கொண்டாள்.

ஆனாலும் இன்று வெறுங்கையோடு போக மனமில்லை. பத்தியம் பலித்து வயிறு அடங்கிவிட்டது. நாளை காலை பழைய தடத்தில் மறுபடி வண்டி எடுக்கிறார். அதற்கு ஒரு வாய் இனிப்பு வேண்டாமா? வழக்கமாக வாங்கும், லாக்டோஸ் நீக்கிய பாலில் செய்த கேரமல் புட்டிங்கையே, பலமுறை படித்ததுதானே என்று திருப்பிக்கூடப் பார்க்காமல் கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அதை அவரிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது அவர் மூடியைக் கிழித்து, ஸ்பூனும் கையுமாக இருந்தார். மேசைமேல் கிடந்த அட்டை உறையில் ‘புதிது’ என்று ஒரு பச்சைப் பட்டை. அவளுக்குப் பகீரென்றது. கண்ணாடியை மாட்டிப் படித்தாள். சிக்கரி வேர் நார். போன முறை அவரைப் படுக்கையில் தள்ளியதே அதுதான்.

“ஐயோ, வாயில வைக்காதீங்க! சிக்கரி சேத்துட்டாங்க. நான் பாக்காம வாங்கிட்டேன்.”

“தெரியும். படிச்சேன்.”

“படிச்சுட்டா ஸ்பூன எடுத்தீங்க?”

அவர் புட்டிங்கைப் பார்த்தபடியே பேசினார். “வயிறு கெட்டா நாளைக்கு வண்டி எடுக்க வேணாம்ல. ராத்திரி பகலா ஓட்டி அலுத்துப்போச்சும்மா. இப்பத்தான் சாயங்காலமானா வீட்டுக்கு வர்றேன். அது பிடிச்சிருக்கு. நீ இவ்வளவு பாடுபட்டுக் குணமாக்கினே, உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை அலமாரி, எத்தனை பொடி எழுத்து! எல்லாம் இந்த மனுஷனை வேண்டாத இடத்தில் கொண்டுபோய் ஏற்றிவிடத்தானா?

கப்பைப் பிடுங்கிக்கொண்டு எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள். “இதை வாயால சொல்லக்கூடாதா? வயித்தாலதான் சொல்லணுமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மேனேஜர் கேட்டா என்ன சொல்ல?”

“இப்ப என்கிட்ட சொன்னீங்கல்ல, அதையே சொல்லுங்க.” போனை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, புட்டிங்கைத் தானே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். “இதை நான் முடிக்கிறதுக்குள்ள பேசுங்க.”

அவர் போனை எடுத்தார். எண்ணைத் தேடிய விரல் மேனேஜர் பெயரைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவள் அடுத்த வாயைக் கொஞ்சம் மெதுவாகவே சாப்பிட்டாள்.