நாற்பது என்று எழுதியவன்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு 'ஆமா'விலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லத் தைரியம் வராமல் போகலாம்.

திங்கட்கிழமை, அலுவலகத்தில் கேட்ட உடல்தகுதிச் சான்றிதழுக்காக ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டாக்டர் என் படிவத்தில் பெயரைப் படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எனக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. ஏழு மாதத்துக்கு முன் என் மனைவி இறந்த வார்டில் பயிற்சி மருத்துவராக இருந்தவள். டாக்டருக்குப் படித்து முடித்து, மேற்படிப்புக்காக ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ்கள் அவளைக் குட்டி டாக்டர் என்பார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். நான் கொடுத்த புகாரில்தான் அவள் அங்கிருந்து போனாள்.

என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அதிகமாக இருக்கிறது, ஐந்து நிமிடம் உட்காருங்கள், மறுபடி பார்க்கலாம் என்றாள். அந்த ஐந்து நிமிடத்தில், நான் கேட்காமலே, பேசினாள். விட்டுப்போன மேற்படிப்பைத் தொடர எட்டு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினாளாம். ஏழில் பதில் இல்லை. எட்டாவதில் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேர்காணல். இதுவும் போனால் அவ்வளவுதான். படிப்பில் இடைவெளி நீண்டுபோனவளை யாரும் எடுக்க மாட்டார்கள். பழைய துறைத்தலைவரிடமிருந்து ஒட்டிய உறையில் ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கிவிட்டாள். பிரித்தால் செல்லாது.

இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"சார், நாப்பது நிமிஷம்னு எழுதியிருந்தீங்க. வாட்ச் பாத்தீங்களா?"

"ஆமா."

தலையாட்டினாள். மறுபடி பட்டையைச் சுற்றினாள். சான்றிதழில் 'தகுதி உண்டு' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

நான் பார்க்கவில்லை. அன்றைக்கு என் கையில் வாட்சே இல்லை.

2

அந்தப் புகாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் எழுத்துதானே.

நான் சில கதைகள் எழுதியிருக்கிறேன். எதையும் பத்துப் பேருக்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை. புகாரை எல்லோரும் படித்தார்கள். ஒரே பக்கம். மனைவிக்கு மூச்சு வாங்குகிறது என்று நான் போய்க் கூப்பிட்டதும், டாக்டர் 'இதோ வர்றேன்' என்றதும், அவர் வந்து சேர்ந்தபோது என்ன ஆகியிருந்தது என்பதும்தான் அதில் இருந்தன. முதலில் 'நெடுநேரம் கழித்து' என்று எழுதினேன். வழவழவென்று இருந்தது. 'அரை மணி நேரம்' எல்லோரும் சொல்வது, யாரும் நம்புவதில்லை. 'இருபது நிமிடம்' என்று போட்டால் வாக்கியம் படுத்துவிட்டது. 'நாற்பது நிமிடம் கழித்து வந்தார்.' இது நின்றது.

வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு வலிப்பு வந்து, இவள் அங்கே மாட்டிக்கொண்டிருந்தாள் என்றும் ஒரு வரி இருந்தது. பத்தியை இழுத்தது. வெட்டினேன்.

மாமனாரும் கீழே கையெழுத்துப் போட்டார். மகள் போய் ஒன்பது நாள். கண்ணாடியைத் தேடி எடுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும் மாப்ள" என்று, எங்கே போட வேண்டும் என்று கேட்டுப் போட்டார்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது, உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். நம்புகிறீர்களா என்று கேட்காதீர்கள். என் மனைவியைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் வராது. எழுதிப் பார்த்தேன். வரவில்லை.)

3

சரி, கதை. அவளை வைத்து எழுத வேண்டும். அவளுக்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று செவ்வாய்க்கிழமை நினைத்தேன்.

தொடக்கம் ஒன்று:

வியாழக்கிழமை காலை குட்டி டாக்டர் கண்ணாடி முன் நின்று, தன்னம்பிக்கையோடு

(விட்டுவிட்டேன். ஏழு இடத்தில் வாய் திறக்காமல் கதவைச் சாத்திய பிறகு எந்தத் தன்னம்பிக்கை.)

தொடக்கம் இரண்டு:

துறைத்தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். ராஜினாமா தட்டச்சாகி மேசை மேல் இருந்தது. தேதி நேற்றைய தேதி. 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. அவர் நல்ல மனிதர். அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். நீயா போனா சொந்தக் காரணம். நாங்க அனுப்புனா காலத்துக்கும் ஒட்டிக்கும்."

"சார், அந்தக் கடைசி பெட்ல—"

"எனக்குத் தெரியும்மா. பேப்பர்ல இல்லையே."

கையெழுத்துப் போட்டாள். அவர் பேனாவைத் திருப்பி வாங்கி மூடினார்.

(இது நிற்கிறது. ராஜினாமா தயாராக இருந்தது என்று அவளே சொன்னாள். மற்ற பேச்சு என் கற்பனை. ஆனால் 'பேப்பர்ல இல்லையே' என்று அவர் சொல்லியிருப்பார். வேறென்ன சொல்ல முடியும்? பேப்பரை எழுதியவன் நான்.)

4

அடுத்து ஏழு மாதம். இதை எப்படிக் கடப்பது? போன் மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள் என்று எழுதினேன். அடிக்காவிட்டாலும் எடுத்துப் பார்ப்பாள் என்று சேர்த்தேன். காலையில் கிளினிக்கில் சளி, இருமல், வேலைக்குச் சேருபவர்களின் சான்றிதழ். இடையிடையே ஒவ்வொரு ஆஸ்பத்திரி அலுவலகமாகப் போன். ஒரு குமாஸ்தா மட்டும் மனம்விட்டுப் பேசினார்.

"பாதியில விட்டுட்டீங்களா? ஏன்?"

"சொந்தக் காரணம் சார்."

"கல்யாணமா?"

"இல்ல."

"ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா சொந்தக் காரணம்? எங்க டாக்டருங்களுக்குச் சாப்பிடவே நேரமில்ல, சொந்தக் காரணத்துக்கு எங்க போவாங்க?"

சிரித்தபடி வைத்துவிட்டார். அவளும் சிரித்தாள். பிறகு, போனைக் கையில் பிடித்தபடியே, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டாள்.

உறை கைக்கு வந்த அன்று அதைக் குளியலறை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். (அவள் செய்வாளா? நேரான பெண். நான் செய்வேன். சந்தேகத்தோடு விட்டுவைக்கிறேன்.) கடிதம் மூன்றாக மடிந்திருந்தது. வரி மேல் வரி விழுந்து எறும்புக் கூட்டம் மாதிரி தெரிந்தது. மடிப்பின் ஓரத்தில் ஒரே ஓர் எண் தனியாக நின்றது. நான்கு. பக்கத்தில் சுழியமா, உறையின் பசையா, தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. அதுவரை புகார் கொடுத்த ஆள் பொய் எழுதிவிட்டான் என்று தெளிவாக இருந்தவள் கூட்டிப்பார்க்க ஆரம்பித்தாள். வலிப்பு வந்த அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைக்க எத்தனை நிமிடம்? ஊசி கிடைக்க, நரம்பு கிடைக்க, உடம்பு அடங்க? பதினெட்டு வந்தது. இன்னொரு நாள் இருபத்தாறு வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே கூட்டிய ஒரு நாள் நாற்பது வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

(அவள் என்னிடம் கேட்டது இதற்குத்தான். என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. தனக்கே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் 'ஆமா' என்றேன்.)

5

நேர்காணல். நீள மேசை, மூன்று பேர், நடுவில் ஒரு பெண் டாக்டர். கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குட்டி டாக்டரின் பாதம் நாற்காலியிலிருந்து தரையைச் சரியாகத் தொடவில்லை. உறையை நீட்டினாள். அந்த அம்மாள் அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அந்தப் புகார் எங்க காதுக்கும் வந்துச்சு. நோயாளியோட வீட்டுக்காரர் வந்து கூப்புட்டார். எவ்வளவு நேரத்துல போனீங்க?"

முடிவு அ.

"நாப்பது நிமிஷம் மேடம்."

எழுதிக்கொள்கிறார்கள். உண்மையான பெண் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துப் போகிறவளை எந்த வார்டுக்குப் போடுவது?

முடிவு ஆ.

"இருபது இருக்கும் மேடம்."

உறையைக் கிழிக்கிறார்கள். படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுகிறார்கள். அவர் அடுத்தவருக்கு. நன்றி, தகவல் சொல்கிறோம்.

முடிவு இ.

"தெரியல மேடம். நான் கணக்கு வச்சுக்கல. இன்னொரு கட்டில்ல இருந்தேன்."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இப்படி ஒருத்தியைத்தான் இத்தனை நாள்

(அடித்துவிட்டேன். சினிமாவில் நடக்கும்.)

மூன்றையும் புதன்கிழமை மாலை படித்துப் பார்த்தேன். மூன்றிலும் எண்ணை அவள் வாயில் வைப்பது நான். எண் இல்லாத இடத்திலும் நான்தான். ஒருமுறை வைத்ததற்கே இந்தக் கதி. பேனாவை மூடினேன்.

6

அன்றைக்கே மாமனார் போன் செய்தார். மாதம் ஒருமுறை, மகள் போன தேதியில் செய்வார். சாப்பிட்டீர்களா, சம்பளம் வந்ததா, வீட்டு ஓனர் தொந்தரவு செய்கிறாரா என்று கேட்பார். கேட்டு முடித்தும் வைக்க மாட்டார். இந்தத் தடவையும் வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா மாப்ள?"

"தெரியல மாமா."

"ஆஸ்பத்திரில இல்லல்ல?"

"இல்ல."

"அது போதும். அத நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

எனக்கு அதற்குப் பிறகு இறங்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அவரிடமிருந்து எதை எடுக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தால் என்ன தண்டனை என்று தேடிப்பார்த்தேன். தேடியதை அழித்தேன். அழித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தனியாக இருக்கும் வீட்டில்.

7

வியாழக்கிழமை. இங்கிருந்து நான் கற்பனை செய்யவில்லை.

சான்றிதழின் அடியில் அவள் முத்திரை இருந்தது. பெயர், பதிவு எண், கைபேசி எண். மணி பத்து முப்பத்தைந்துக்கு அழைத்தேன். எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம், யாரோ தொண்டையைச் செருமுவது. நான் யார் என்று சொன்னேன்.

"நான் வாட்ச் பாக்கல" என்றேன். "எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. திங்கக்கெழம சொன்னது பொய்."

எழுந்து நடக்கும் காலடிச் சத்தம் கேட்டது.

"கடைசி பெட் அம்மாவும் எனக்குத் தெரியும். எழுதியிருந்தேன். அப்புறம் எடுத்துட்டேன்."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு வைத்துவிடலாம், எனக்கும் அதோடு முடிந்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

வார்டில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"எழுதித் தருவீங்களா சார்?"

"எத?"

"இப்ப சொன்னத. பேர் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து இந்த நம்பருக்கே அனுப்புங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"என்ன எழுதணும்?"

"நடந்தது மட்டும் போதும். நல்லா எழுத வேணாம்."

வைத்துவிட்டாள்.

அதை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்தை நிரப்பிய நேரத்தில் அந்த நாலு வரியை எழுதி அனுப்பியிருக்கலாம். முதல் ஆள் இதற்குள் உள்ளே போயிருப்பார். கையெழுத்து என் கையெழுத்து மாதிரி இல்லை. மாமனாருக்கு யார் சொல்வது என்று ஒரு பக்கம் ஓடுகிறது. அவளுக்கு முன்னால் இருக்கும் இரண்டாமவர் நிறையப் பேசுகிறவராக இருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம்.

அவளுக்கு இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது அவள் சொல்ல வேண்டியது. உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அ, ஆ, இ மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்ததையும் எடுத்துக்கொள்ளலாம், தடுக்க மாட்டேன்.

என்னிடம் ஒரு தாள்தான் மிச்சம். முடிவுக்கென்று வைத்திருந்தேன். இப்போது அந்த நாலு வரிக்கு அது வேண்டும்.