பொன்மணி கழுவிய குடுவைகள்

அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுகிறவள் பொன்மணி. கழுவியதைத் தள்ளுவண்டியில் ஏற்றி மாடிக்கும் கீழுக்கும் இழுக்கிறவன் நான். சிலிண்டர் தூக்குவதும் நான்தான். சாயங்காலம் ஆனால் முதுகு தனியாக, நான் தனியாகத்தான் பஸ் ஏறுவோம். ஆனால் அன்று மத்தியானம் எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்து போயிற்று. எல்லாம் ஆஃப்ரீன் பாப்பாவின் கிருமிகளால் வந்தது.

ஆஃப்ரீன் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவள் வளர்ப்பது கடல் கிருமி. பட்டினப்பாக்கத்தில் கடம்பா என்கிற கணவாய் மீன் வாங்கி, அதன் தோலிலிருந்து எடுத்தது. இந்த இனத்துக் கிருமிகள் இருட்டில் நீலமாக ஒளிரும். அவளிடம் இருந்த கூட்டம் மட்டும் ஒளிராது. ஒளி வர ஒரு கொழுப்பு அமிலம் வேண்டுமாம். மற்ற கிருமிகள் அதைத் தாங்களே செய்துகொள்ளும், இதுகளுக்கு அந்தச் சமர்த்து இல்லை. வெளியிலிருந்து அந்த அமிலத்தை ஊற்றினால், தண்ணீரில் அது இருப்பது தெரிந்து, எடுத்துக்கொண்டு ஒளிர வேண்டும். வருடக்கணக்காக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மினுக்கு கூட இல்லை.

"ஃப்யூஸ் போன பல்புங்கள வெச்சிக்கினு இன்னா பாடு படுது இந்தப் பொண்ணு" என்பாள் பொன்மணி. "கொழுப்பு குடுத்தும் எரியலன்னா அதுங்களுக்குத்தான் கொழுப்பு."

ஆஃப்ரீனுக்கு வழிகாட்டி சித்தார்த்தன் சார். கெட்ட மனிதர் இல்லை, பொறுமை தீர்ந்த மனிதர். அன்று காலையில் எங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் எரியலைன்னா சாயங்காலம் அத்தனையும் குக்கர்ல போட்டுருங்க, ஆஃப்ரீன். வேற தலைப்பு எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிங்க. வேற வழி இல்லை."

குக்கர் என்றால் எங்கள் இடத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் நீராவி அண்டா. வேண்டாத கிருமிகளை அதில் வேக வைத்துத்தான் சாக்கடையில் ஊற்ற வேண்டும். ஆஃப்ரீன் தலையை ஆட்டினாள். முதலிலிருந்து ஆரம்பிக்க அவளுக்கு உதவித்தொகை மிச்சமில்லை என்பது சாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

முந்தின நாளே அவள் எல்லாக் குடுவைகளிலும் கிருமியை ஊற்றி வளர விட்டிருந்தாள். அன்று பாதிக் குடுவைகளில் அமிலத்தை ஊற்றினாள், பாதியில் எதுவும் ஊற்றவில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்பதால் எப்போதும் தமிழில்தான் சீட்டு ஒட்டுவாள். 'அமிலம்', 'வெறும்'. 'வெறும்' என்பது இருட்டாகவே இருக்க வேண்டிய குடுவை. அது இருட்டாக இருந்து, 'அமிலம்' எரிந்தால் ஜெயித்தோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை இருட்டறைக்குத் தள்ளினேன். பழைய சாமான் அறைக்குக் கறுப்புத் துணி அடித்ததுதான் இருட்டறை. ஆஃப்ரீன், சார், பொன்மணி, நான், நாலு பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றோம். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். கண் பழகும் வரை காத்திருக்க வேண்டும்.

"யார்ரா அது என் கால மெதிக்கிறது?" என்றாள் பொன்மணி.

"நான்தான்" என்றது சாரின் குரல்.

"அப்ப மெதிங்க சார், பரவால்ல."

ஆஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அதற்குள் எனக்குத் தொற்றிவிட்டது. சிரித்துக்கொண்டே வண்டியைப் பார்த்தவன் அப்படியே நின்றேன். அதன் மேல் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று மூடித் திறந்தேன். இன்னும் நீலம். கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி, ஒரு வரிசைக் குடுவைகள் முழுக்க நீலம்.

"எரியுது!" என்று ஆஃப்ரீன் கத்தினாள். "அக்கா, எரியுது! தங்கவேல் அண்ணே, பாருங்கண்ணே!"

பொன்மணி குதித்ததில் சுவரே அதிர்ந்தது. அவள் ஆஃப்ரீனைக் கட்டிக்கொண்டதாக நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ச்சீ, நீயா!" என்று தள்ளியும் விட்டாள். சார் கூட "அட!" என்றார். பிறகு கைபேசி வெளிச்சத்தைச் சீட்டின் மேல் அடித்தார். அவருடைய "அட!" பாதியிலேயே நின்று போயிற்று.

எரிகிற குடுவை ஒவ்வொன்றிலும் 'வெறும்'. 'அமிலம்' ஒட்டிய குடுவை ஒன்றும் எரியவில்லை.

விளக்கைப் போட்டேன். சார் என்னைப் பார்த்தார். "தங்கவேல், வர்ற வழியில ஏதாவது மாத்தி வெச்சுட்டீங்களா?"

"இல்ல சார். எறக்கக் கூட இல்ல, தள்ளிக்கினு வந்ததோட சரி."

"இன்னா சார் அந்தாள கேக்கறீங்க?" பொன்மணி இடுப்பில் கை வைத்துவிட்டாள். "சீட்டு ஃப்ளாஸ்க்கு மேலயே ஒட்டிக்கினு கீது. அத பிச்சி மாத்தி ஒட்டணும்னு அந்தாளுக்கு இன்னா வேண்டுதலா?"

சார் பெருமூச்சு விட்டார். "அப்போ குடுவையில ஏதோ அழுக்கு. வெறும் குடுவை எரிஞ்சா இந்தப் பரிசோதனையே செல்லாது, ஆஃப்ரீன். எதனால எரியுதுன்னு தெரியாத வெளிச்சத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஒரு நிமிஷம் முன்னால் ஆஃப்ரீன் முகத்தில் இருந்த கொண்டாட்டம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. சார் வண்டியின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு காலிக் குடுவையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி மோந்தார்.

"என்ன இது? பாத்ரூம் வாசனை வருது?"

"வருதா சார்?" பொன்மணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நான்தான் சார்! ஆயுத பூஜைக்கு நம்ம சாமான் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் வெச்சோம் இல்ல? நாத்தம் புடிச்ச அந்த லேபு மருந்துல கழுவி சாமி முன்னாடி வெக்க மனசு வரல. நம்ம சோப்பு போட்டு பளபளன்னு தேச்சி, ஒரு தடவ அலசி, புதுத் துணியால தொடச்சி வெச்சேன்."

"பூஜை முடிஞ்சு திரும்பக் கழுவினீங்க இல்ல?"

"எப்டி சார்? பூஜையில வெச்சத மறுபடி கழுவினா பூஜையும் சேந்து தண்ணியில போயிடாது? குங்குமத்த மட்டும் நல்லாத் தொடச்சிட்டு அப்டியே சூட்டு அடுப்புல வெச்சி எடுத்தேன்."

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கழுவிய சாமானை ஐந்தாறு முறை வெறும் தண்ணீரில் அலச வேண்டும் என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறது. பொன்மணிக்கு அப்போதுதான் ஏதோ தப்பு என்று உறைத்தது. "ஐயோ, பாப்பா, ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டனா?" என்று ஆஃப்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஃப்ரீன் அவளை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அது என்ன சோப்பு?"

"தேங்கா எண்ண சோப்பு. மைலாப்பூர் கொளத்தாண்ட ஒர்த்தர் ஊட்ல காச்சி விக்கறாரு. ஏன்?"

"சார்!" ஆஃப்ரீன் போட்ட சத்தத்தில் சார் ஸ்டூலோடு நகர்ந்தார். "தேங்கா எண்ணெயில அதே அமிலம் இருக்கு! சோப்பா ஆனாலும் அதே அமிலம்தான்!"

"சோப்பு கிருமியைக் கொல்லும்மா."

"நிறைய இருந்தா கொல்லும். கண்ணாடியில ஒட்டின பொட்டு அளவு இருந்தா? நான் பசியில கிடந்தவங்க தலையில அண்டாவோட பிரியாணியைக் கவுத்திருக்கேன் சார். அதான் மூச்சு முட்டி அணைஞ்சிருக்காங்க. அக்கா சோப்பு ஒரே ஒரு வாய் ஊட்டியிருக்கு."

"குறைச்சு ஊத்தியும் பாத்தீங்களே?"

"குறைச்சதும் அதுங்களுக்கு ஜாஸ்திதான் சார். இவ்ளோ கொஞ்சம் போதும்னு எனக்குத் தோணவே இல்லை. ஒரே ஒரு தட்டு சார். கிருமி பரவின தட்டுல நடுவுல சோப்புத் துணுக்கு ஒண்ணு வெப்போம். பக்கத்துல நிறைய இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். அதுங்களே சொல்லிடும்."

சார் குக்கர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒரே ஒரு தட்டு" என்றார்.

ஆஃப்ரீன் குங்குமப் பொட்டளவு சோப்பைக் கிள்ளி, உறைந்த கூழின் மேல் கிருமி பரவியிருந்த ஒரு கண்ணாடித் தட்டின் நடுவில் வைத்தாள். அது ஊறிப் பரவ நேரம் வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்து பூஜைப் பொரியைத் தின்றோம். பொன்மணி கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஆஃப்ரீனின் கையில் வைத்தாள். ஆஃப்ரீன் அதைத் தின்னாமல் கை நிறைய வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் கடலை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது.

மறுபடி உள்ளே போனோம். விளக்கை அணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் பார்த்தது பொன்மணி. "அம்மாடியோவ்" என்றாள்.

சோப்பு இருந்த இடம் கன்னங்கரேல் என்று இருந்தது. தட்டின் ஓரமும் கறுப்பு. நடுவே, இரண்டு கறுப்புக்கும் இடையில், சுற்றி வளைத்து ஒரு நீல வளையம். யாரோ வளையலைக் கழற்றி வைத்த மாதிரி. அதிகமான இடத்தில் செத்து, எட்டாத இடத்தில் இருண்டு, சரியான இடத்தில் மட்டும் எரிந்துகொண்டிருந்தன கிருமிகள்.

ஆஃப்ரீன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பொன்மணி எனக்கு முதுகில் ஒரு அறை விட்டாள், இந்தத் தடவை ஆளைத் தெரிந்தே.

"வேக வைக்க வேண்டாம்" என்றார் சார். "நாளையிலேர்ந்து அளவு அளவாப் போட்டுப் பாக்கலாம், ஆஃப்ரீன். சுத்தமான குடுவையில. பொன்மணி, இனிமே அந்தச் சோப்பு கூடாது."

"அப்பால எரியலன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க சார்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில் கறுப்புத் துணி ஒரு மூலையில் பிய்ந்து வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது. ஸ்டூல் மேல் ஏறி அதைச் சொருகினேன். பொன்மணி கீழே நின்று என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கைப் போட்டு எல்லாரும் வெளியே வந்தோம். சார் மட்டும் வரவில்லை. கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"தங்கவேல், அந்த விளக்கை இன்னொரு தடவை அணைங்க."

அணைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவர் சரி என்று சொல்லும் வரை உள்ளேயே ஸ்விட்சில் கை வைத்து நின்றேன். நீல வளையத்தின் பக்கத்திலிருந்து வெகுநேரம் அந்தச் சரி வரவேயில்லை.