நாத்தனார்கள் வராத மாதங்கள்

சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்த தையற்காரரின் உச்சந்தலையிலிருந்து கந்தகப் புகை எழும்பிக் குடை மாதிரி விரிந்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்களில் அவர் உள்ளங்கையாலேயே துணிகளுக்கு இஸ்திரி போடத் தொடங்கினார்; வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. முதுகில் மஞ்சளும் செங்கல் நிறமுமாகத் திட்டுகள் வந்தபோது அவர் மனைவிக்கு மட்டும் அவை எங்கோ பார்த்தவையாகத் தெரிந்தன. ராட்சதக் கோள் ஒன்றைச் சுற்றும் எரிமலை நிலவுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அந்த நிலவில் குழி விழுந்தால் புதுக் குழம்பு வழிந்து மூடிவிடும். ஆகவே அவள் வரைந்து முடித்த எந்தப் படமும் சரியாக இருந்ததில்லை.

சூடு உள்ளுக்குள்ளேயே பிறக்கிறது என்று நினைத்து அவரைப் பனிக்கட்டிமேல் படுக்க வைத்தாள். கட்டி கரைந்ததுதான் மிச்சம். பிறகு, முன்னறையை நிறைத்து உட்கார்ந்து மகனை ஓயாமல் தன் பக்கம் இழுக்கும் மாமியார்மேல் சந்தேகப்பட்டாள். அலுவலகத்து மேலதிகாரி தேநீர் குடித்தபடியே அதையும் குழப்பிவிட்டார். பெரிய கோள் மட்டும் இழுத்தால் பாதை நாளடைவில் வட்டமாகி நிலவு ஆறிவிடுமாம். மற்ற இரண்டு நிலவுகள் முறைவைத்து இழுத்து அதை வட்டமாக விடுவதில்லையாம்; அந்த இழுபறியில் பிசைபட்டுத்தான் நிலவு கொதிக்கிறதாம். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன நாத்தனார் இரண்டு முறை வந்தால் பெரிய நாத்தனார் ஒரு முறை வருவார்; வந்தால் அம்மாவோடு சண்டை, நடுவில் தம்பி.

அவர் உடம்புக்கு ஆகவில்லை, இனி வரவேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டாள். நாத்தனார்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். புகை அடங்கியது, தையற்காரர் ஆறினார். சட்டையின் கை நீளம் சரியில்லையென்று வாடிக்கையாளர் ஒருவர் திட்டியதும் தையற்காரரின் கன்னத்தில் புளியங்கொட்டை அளவு குழி விழுந்தது. முன்பெல்லாம் எவ்வளவு திட்டு வாங்கினாலும் காலையில் புது முகத்தோடு எழுந்து சிரிப்பவர். இப்போது குழிகள் அப்படியே நின்றன. ஒருநாள் மனைவியே, வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததை வாய்தவறி மறுபடி சொன்னாள்.

"உங்களைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்?"

நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்தது. அவர் பொத்தானைப் போட்டு அதை மறைத்துக்கொண்டார். எரிவது நோயா, ஆறுவது நோயா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அழுகையாக வந்தது. மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பெரிய நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

"வரவேண்டாம்னு நீதானே சொன்ன?"

"எனக்கே ஒண்ணும் புரியல அண்ணி. அவர் இப்போ எதையும் மறக்க மாட்டேங்கிறார். நான் சொன்னதைக்கூட. சண்டை போடவாவது வாங்க."

வந்தார்கள். வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. மாதங்கள் போகப்போகக் குழிகள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. ஒரு காலை அவர் நெஞ்சைத் தடவிப்பார்த்தாள். கை சுட்டதே தவிர குழி இருந்த இடம் அகப்படவில்லை.

"என்ன தேடுற?"

"அன்னைக்கு ஒண்ணு சொன்னேனே, அது."

"என்ன சொன்ன?" என்று கேட்டார் அவர், நிஜமாகவே தெரியாமல்.

அவள் திரும்பச் சொல்லவில்லை. அன்று இரண்டு நாத்தனார்களும் சேர்ந்து வரும் முறை. முன்னறையில் மாமியாருக்கு எதிரே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.