சில்வர் ஓக்கில் தொங்கிய போன்கள்

கல்லில் கீறினான், புறாக் காலில் ஓலை கட்டினான், தந்தி அடித்தான், கடைசியில் போனைக் கண்டுபிடித்தான் மனிதன். மாரமங்கலத்துக்காரர்களான நாங்கள் அந்தப் போனைக் கொண்டுபோய் மரத்தில் தொங்கவிட்டோம். காப்பிப் பழம் பறிக்கும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. பஸ் திரும்பும் வளைவில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில்தான் ரெண்டு கோடாவது காட்டும். காலையில் ஆளுக்கொரு பையில் போட்டு மாட்டிவிட்டு இறங்குவோம். சாயங்காலம் ஏறி வந்து யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்போம். அடுத்தவர் போன் அடித்தால் தொடக்கூடாது. அது எங்கள் சட்டம்.

இந்த வருஷம்தான் இந்த ஏற்பாடு. என் மனைவி மலருக்கு இது தெரியாது. பறிப்பு தொடங்குவதற்கு முந்தின வாரமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. “போனா அப்படியே போயிரு” என்று வாயை விட்டேன். போய்விட்டாள்.

அப்புறம் தினமும் மதியம் ஒரு மணிக்கு, கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில், அவளிடமிருந்து மிஸ்டு கால் விழுந்தது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை. வீம்பு. சாயங்காலம் அவள் பெயரைப் பார்த்தாலே இன்றைக்கும் நினைத்திருக்கிறாள் என்று சோறு இறங்கும். நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று அவள் நினைப்பாளே, அது மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை. பத்தொன்பதாம் நாள் கால் வரவில்லை. நானே கூப்பிட்டு அவள் எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்று இப்போது பயம் வந்துவிட்டது.

நாலு நாள் பொறுத்தேன். மனசு அவளையே தேடியது. ஐந்தாம் நாள் பறிக்கப் போகாமல் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் பெரியநாயகம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மணி ஆனது. என் போன் கம்மென்று கிடந்தது. பக்கத்துக் கிளையில், அடுத்த வீட்டுப் புஷ்பலதா அக்காவின் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். ‘மலர்’ என்று இருந்தது.

சட்டத்தை மீறினேன். எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாய் திறக்குமுன் அவளே பேசினாள்.

“அக்கா, அவரு எம்மேல நொம்பக் கோவமா இருக்கறாருங்க, போனே எடுக்கறதில்ல. நேரத்துக்குச் சாப்படறாருங்களா? நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.”



“இன்னும் சாப்படல மலரு” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.