ஹெல்பர் பாஸ்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு நாடா. ஆத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கழுத்தில் தொங்கியது. அதில் இரண்டு அட்டைகள். ஒன்று ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்குத் தூக்கும் வண்டி, ஓட்டும் லைசென்ஸ். மற்றது துறைமுக பாஸ்; அதில் 'ஹெல்பர்' என்றிருந்தது. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜெயபிரியா என்று பெயர் வைத்தேன்.

2

'ஜெயபிரியாவின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு—'

இல்லை. பஸ்ஸில் அவள் கடலை தின்றுகொண்டிருந்தாள்.

மறுபடி. ஜெயபிரியா சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். சிவப்பிரகாஷும் ஓட்டுகிறான். அவனுக்கு நாளுக்கு ஆயிரத்து நூறு. அவளுக்கு ஹெல்பர் கூலி, எழுநூறு.* பதிவேட்டை மாற்றச் சொல்லி ஏழு மாதமாகக் கேட்கிறாள். சூப்பர்வைசர் ஆறுமுகநயினார் ஏழு மாதமாக ஒரே பதில்தான் சொல்கிறார்: "பாப்போம்ளா."

(அவரை வில்லனாக்கப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று தன் பைக்கைக் கொடுத்தனுப்பியவர்.)

* சேரும்போது ஹெல்பர்தான். லைசென்ஸ் பிறகு எடுத்தாள், சொந்தச் செலவில்.

3

செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்தார். வண்டி ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், பதிவேட்டிலும் 'ஆப்பரேட்டர்' என்று இருக்க வேண்டும் என்றார். சிவப்பிரகாஷின் லைசென்ஸ் சித்திரையிலேயே முடிந்திருந்தது. இறங்கி வந்தான்.

"ஏளா ஜெயபிரியா, நீ ஏறு. வாசல்ல நாலு லாரி நிக்கி," என்றார் ஆறுமுகநயினார்.

"நான் எப்படி அண்ணாச்சி ஏற? ஹெல்பர்லா."

"உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே."

"என்கிட்ட இருக்கு. உங்க பதிவேட்டுல இல்லையே."

சிவப்பிரகாஷ் சிரித்தான். "அவ சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. எழுதிப் போடுங்க. லைசென்ஸ் புதுப்பிக்கிற வரைக்கும் நான் ஹெல்பரா நிக்கேன்."

"எழுநூறுக்கா?" என்றாள் ஜெயபிரியா.

சிரிப்பு நின்றது.

4

அவளை வேலையை விட்டு நீக்கி ஒரு முடிவு எழுதினேன். வண்டியை யார் எடுப்பது என்று தெரியாமல் கிழித்துப்போட்டேன். எல்லாரும் கைதட்டும் முடிவு ஒன்றும் இருந்தது. அந்தக் கிடங்கில் யாரும் கைதட்டுவதில்லை.

இப்போது ஆறுமுகநயினார் பதிவேட்டைத் திறந்துவிட்டார். 'ஹெல்பர்' என்பதை அடித்து மேலே 'ஆப்பரேட்டர்' என்று எழுதியாயிற்று. பக்கத்தில் 'எந்தத் தேதி முதல்' என்றொரு கட்டம். அங்கே பேனா நிற்கிறது.

"இன்னைக்குத் தேதி போடவாளா?"

"லைசென்ஸ்லயே தேதி இருக்கு அண்ணாச்சி," என்றாள். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி; அதைப் போட்டால் நாளுக்கு நானூறு வீதம் அவளுக்குப் பாக்கி கொடுக்க வேண்டும். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்து கடலை உரிக்கிறாள். அவளுக்கு அவசரமில்லை. லாரிகளுக்குத்தான்.

கட்டம் காலியாக இருக்கிறது. பேனாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.