பதினொன்றாம் நம்பர்

பார்சல் வந்தது வியாழக்கிழமை காலையில். அண்ணன் வெண்டலைப் புதைத்துப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. கிளென் கையெழுத்துப் போட்டு வாங்கினான், பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? பிப்ரவரியில் அவனே இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, டேப் சுற்றி, தபால் ஆபீஸில் நின்று அனுப்பிய சாமான்தானே. ஐந்து மாதம் எங்கேயோ ஒரு கட்டடத்தில் வரிசையில் கிடந்துவிட்டு இப்போது ஆற அமர வந்து நிற்கிறது. "இப்ப வந்து என்னத்தக் கிழிக்கப்போற?" என்று அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக் கேட்டான். பிறகு அதை வண்டியின் முன்சீட்டில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான்.

வெண்டல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். இருபத்திரண்டு வருஷமாக லாமர் பிக்கெட் என்ற ஒரே ஆட்டக்காரனின் படம் அச்சடித்த கூடைப்பந்துக் கார்டுகளை மட்டும் சேர்த்துவந்தான். பிக்கெட் ஒன்றும் ஊர் உலகம் அறிந்தவன் இல்லை. இந்த ஊர்ப் பையன். இண்டியானாவில் இது மாதிரிச் சின்ன ஊர்களில் மொத்த ஜனத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்தாலும் பள்ளிக்கூடத்து ஆட்டக்கூடத்தில் இடம் மிச்சமிருக்கும். அந்தக் கூடமே எழுந்து நின்று கத்திய பையன் அவன். பெரிய அணிக்குப் போய் மூன்று வருஷம், அதிலும் பாதி நாள் தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் காணாமல் போனான். வெண்டலுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. எட்டு வருஷம் தன் பஸ்ஸில், தனக்கு நேர் பின்சீட்டில், ஜனவரிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வந்த பையன். அது போதும் அவனுக்கு.

பிக்கெட்டின் கார்டுகளில் பச்சை ஓரம் வைத்த ஒன்று உண்டு. மொத்தம் இருபத்தைந்துதான் அச்சடித்தார்கள். ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தில் 1/25, 2/25 என்று வரிசை எண் இருக்கும். அதில் ஆட்டக்காரனின் சட்டை எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்கிற கார்டுதான் சேர்க்கிறவர்களுக்கு உயிர். பிக்கெட்டின் சட்டை பதினொன்று. வெண்டலிடம் இருபத்திநாலு இருந்தது. பதினொன்று மட்டும் இல்லை. கார்டுச் சந்தைகளில் அவன் தலை தெரிந்ததுமே கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கிக் காட்டுவார்கள். கேட்கவே வேண்டியதில்லை.

அந்தப் பதினொன்று கிளென் கையில் கிடைத்தது. பிப்ரவரியில், டேட்டன் சந்தையில், முதுகுவலி என்று வெண்டல் வராமல் போன ஒரே நாளில். கசங்கிய உறைகள் கிடந்த பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது பச்சை ஓரம் தெரிந்தது. அன்றைக்கே நேராக வண்டியை விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து எதிலும் அண்ணனுக்கு ஒரு படி கீழேதான் அவன். ஒரே ஒரு தடவை வெண்டலை வாயடைக்கவைக்க வேண்டும் என்று ஆசை. ஆகஸ்டில் பிறந்தநாள் வருகிறது, அதற்குள் தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தான். அவர்கள் மூலை, ஓரம் எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி ஒட்டி அனுப்புவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் வெண்டலுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "மூச்சு முட்டச் சாகடிச்சிட்டு மார்க் போடறானுங்கடா" என்பான். அவன் கார்டுகள் எல்லாம் பக்கத்துக்கு ஒன்பது பைகள் வைத்த ஆல்பத்தில்தான் இருக்கும். கிளெனுக்கு இது தெரியும். தெரிந்தும் பத்து மார்க் ஆசை விடவில்லை.

மே மாதம் வெண்டலின் கணையத்தில் கட்டி என்றார்கள். முதுகுவலியே அதுதான். கிளென் தினமும் போய் உட்கார்ந்தான். தினமும் ஒரே கேள்வி: "பதினொண்ணு எங்கயாவது கண்ணுல பட்டுச்சாடா?" தினமும் ஒரே பதில்: "இல்லையே." சொல்லிவிடத்தான் வாய் வரும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் வெண்டல் தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறான். தேட இனிமேல் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவானோ என்று கிளென் பயந்தான். ஜூன் கடைசியில், ஒன்பது மார்க் வந்திருக்கிறது, அனுப்ப மூன்று வாரமாகும் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கையில் வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தான்.

வெண்டலின் மனைவி லோரெட்டா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் நூடுல்ஸும் கோழியுமாகச் சமைத்துக் கொண்டுவந்த கண்ணாடித் தட்டுகள், அடியில் டேப்பில் அவரவர் பெயரோடு மேசை முழுக்க அடுக்கியிருந்தன. கிளென் வெறுங்கையோடுதான் உள்ளே வந்திருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு வேலை இருக்கு, எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் தெரியாது."

என்ன வேலை என்று கேட்டான். அவள் மெதுவாகச் சொன்னாள். வெண்டல் வாராவாரம் அந்தத் தரம் பார்க்கிற கம்பெனியின் இணையதளத்தைத் திறந்து பார்ப்பானாம். அவர்கள் மார்க் போட்ட ஒவ்வொரு கார்டையும் படமெடுத்து அங்கே போடுவார்களாம். ஜூன் கடைசியில் ஒரு நாள் பதினொன்றின் படம் வந்திருந்தது. யாருடையது என்று அதில் இருக்காது.

"ரொம்ப நேரம் பாத்தாரு. 'எவனோ பெட்டிக்குள்ள போட்டுட்டான் லோரெட்டா, இனிமே அவன் விடமாட்டான்'னாரு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

கிளெனுக்கு நினைவு வந்தது. உண்மைதான். கடைசிப் பத்து நாள் வெண்டல் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. தலையணையிலிருந்து தலையையும் தூக்கவில்லை. மருந்தின் மயக்கம் என்று நினைத்திருந்தான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தான். எது போய்விடக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தானோ, அதை அவனுடைய பெட்டியே போய்ப் பிடுங்கிவிட்டிருக்கிறது.

லோரெட்டா ஆல்பத்துக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கார்டு சேர்க்கிறவர்கள் பேசிக்கொள்கிற தளத்தில் இதைப் போட வேண்டுமாம். வெண்டலின் கோணல் எழுத்து.

"பதினொண்ணு வச்சிருக்கிறவருக்கு. படம் பாத்தேன். அதக் குடுங்கன்னு கேக்க வரல, எனக்கு நாளும் இல்ல. மிச்சம் இருபத்திநாலும் என்கிட்ட இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க, காசு வேணாம். எல்லாம் ஒரே எடத்துல இருந்தா போதும். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்தப் பெட்டிய உடைச்சு அவன வெளிய எடுங்க. என் பஸ்ஸுல அவன் ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் வருவான்."

"அந்த ஆளக் கண்டுபிடிச்சிருவியா கிளென்?" என்றாள் லோரெட்டா.

அவன் எழுந்து வண்டிக்குப் போனான். பார்சலோடு திரும்பிவந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேனாக்கத்தியால் டேப்பை அறுத்து, பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்த ஆல்பத்தின் மேல் வைத்தான். அந்தப் பக்கத்தில் நடுவில் ஒரு பை காலி. பெட்டி அதற்குள் போகவில்லை. போகாது என்று தெரிந்துதான் வைத்தான். பக்கத்துக் கார்டுகள் பாதியை மறைத்துக்கொண்டு கிடந்தது அது. பச்சை ஓரம், துண்டில்லாத தோள், பதினொன்று.

லோரெட்டா குனிந்து எண்ணைப் படித்தாள். நிமிர நேரமாயிற்று.

"எப்போலேர்ந்து?"

"பிப்ரவரி."

"அவரு கேட்டப்பல்லாம் உன்கிட்ட இருந்துச்சு."

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து மறுபடியும் கழுவினாள். அப்புறம் ஈரக்கையோடு மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ துழாவி எடுத்து, ஆல்பத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். வெண்டலின் திருப்புளி. பஸ் சாவியோடு எப்போதும் தொங்கிக்கொண்டிருந்த மரக்கைப்பிடி போட்ட சின்னது.

கிளென் அதன் முனையைப் பெட்டியின் பொருத்தில் வைத்து அழுத்தினான். கொஞ்சம் நழுவினாலும் கார்டு கிழிந்துவிடும். பிளாஸ்டிக் வெளுத்துக்கொண்டு வந்ததே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சட்டைக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முனையை மறுபடி பொருத்தில் வைத்தான்.