சிவப்பு பாஸுக்கு ஒரு ஜாமீன்

யுத்தம் வந்ததும் ஆவடிக்குப் பட்டாளக் கிடங்கு ஒன்று வந்தது. நான் அதில் மூட்டை தூக்கினேன். வெடிமருந்துக் கொட்டகையில் வேலை செய்ய வேண்டுமானால் சிவப்பு பாஸ் வேண்டும். அந்தப் பாஸ்காரர்கள் வெளியாட்களோடு பழகக் கூடாது என்று உள்ளேயே தங்கவைத்தார்கள். ஒரே அறையில் பன்னிரண்டு பேர். சண்டை, குறட்டை, சீட்டாட்டம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் பெண்டாட்டி அங்கம்மா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பருத்திப்பட்டில் என் வீட்டுக்குள் நான் இருமினால்கூட ஏன் என்று கேட்க நாதியில்லை. மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் சுவரோடு பேசுவான்?

குடித்துவிட்டு எப்போதாவது போலீஸில் மாட்டியதுண்டா என்று பாஸ் விண்ணப்பத்தில் கேட்டிருந்தது. உண்டு. அங்கம்மாவை எரித்த அன்று கள்ளைக் குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் விழுந்து கிடந்தேன். தூக்கிப்போய் லாக்கப்பில் வைத்தார்கள். ஸ்டேஷனில் எழுதிவைத்திருப்பதை நான் மறைத்து என்ன ஆகப் போகிறது? குமாஸ்தாவிடம் உள்ளபடியே எழுதச் சொன்னேன். ஆனால் அப்படி எழுதிக் கொடுத்ததைக் கோதண்டத்திடம் சொல்லவில்லை. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போய்விட்டது.

கோதண்டம் பக்கத்து வீட்டுக்காரன். பொழுது சாய்ந்தால் என்னோடு உட்கார்ந்து பீடி பிடிக்கிற ஒரே ஜீவன். என்னைப் பற்றி விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தபோது, எங்கள் தெரு வழக்கப்படி என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறான். இந்த வேம்புலிக்குக் கள் வாசனையே தெரியாது என்றானாம். அவர் நம்பவில்லை. உடனே கற்பூரம் ஏற்றி, ஒரு கையை மகள் தலையில் வைத்து, மறுகையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டான். போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

கிடங்கு சுபேதார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். துக்கத்தில் ஒருநாள் குடித்தது பெரிய தடையில்லை, நானே ஒப்புக்கொண்டதால் விட்டுவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் தொடவில்லை என்று, தினமும் என்னைப் பார்க்கிற ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். கோதண்டம் போடுவான் என்றேன்.

அவர் காகிதத்தைத் தள்ளிவைத்தார்.

"அவன் கற்பூரம் அணைச்சுப் பொய் சொன்னவன். அவன் கையெழுத்து செல்லாது. வேற யாரு இருக்காங்க உனக்கு?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

வழியெல்லாம் கோதண்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன். என் வாசலில் ஆசையாகக் காத்திருந்தவனைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. பாஸ் கிடைக்கவில்லை என்றேன். எவன் போட்டுக்கொடுத்தான் என்று வேட்டியை மடித்துக் கட்டினான். நானேதான் எழுதிக் கொடுத்தேன் என்றேன்.

மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டான்.

"நீயே சொல்லிக்கினியா? உனக்கோசரம் எம் பொண்ணு தலையில கைய வச்சேனே, மாமே."

போய்விட்டான். அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்குச் சுரம் கண்டது. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி கன்னியம்மா கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சுரம் விட்டுவிட்டது. இப்போது பழையபடி தெருவெல்லாம் ஓடி விளையாடுகிறாள். என் வாசல் வந்தால் மட்டும் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகிறாள்.